கம்பி கேட்டது, கட்டை கேட்கவில்லை

தம்பி,

நேற்று மத்தியானம் உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கூரியர்க்காரர் என் தேனி வீட்டு வாசலில் நின்று உன் பெயரை ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து முழுசாக வாசித்தார். ஏழு மாதமாக யாரும் உன்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. "இருக்காகளா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

"நீங்க யாருக்கா அவுகளுக்கு?"

"அக்கா."

"அப்ப நீங்களே ஒரு கையெழுத்துப் போட்ருங்க."

போட்டேன். உள்ளங்கையில் அடங்குகிற அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பது உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கான கண்ணாடி வால்வு. நான்தான் உன் பெயரில், என் விலாசத்துக்கு ஆர்டர் போட்டேன். கொச்சிக் கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். கப்பல், சுங்கம் என்று ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே போனார். அப்புறம் நானும் கேட்கவில்லை, மறந்தும் போனேன். இப்போது வந்திருக்கிறது. பிரிக்காமல் துணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்த ஆம்ப்ளிஃபயரை நீ குமுளியிலிருந்து கொண்டுவந்தது ஞாபகம் இருக்கிறது. கல்யாணக் கச்சேரிகளில் வாசித்த ஒரு மலையாளி துபாய் போகிறார் என்று விற்றது. பழைய போர்வையில் சுற்றி, மலையிறங்குகிற பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். "நல்லோணம் நோக்கிக்கோணேன்னாருக்கா, நல்லாப் பாத்துக்கணுமாம், புள்ளையத் தத்துக் குடுக்குற மாதிரி" என்று சிரித்தாய். இரண்டே வால்வு, எட்டு இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. அரிசி டின் அளவுதான் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. வால்வு மெல்லச் சிவந்து, அதன்மேல் படிந்த தூசி சூடாகி வாசனை கிளம்பும். அதற்குப் பிறகுதான் பேசும்.

அதுவரை நம் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நீ கிட்டாரை நேரே மைக்செட்டில் சொருகித்தான் வாசித்தாய். தகரத்தில் ஆணியை இழுப்பது போலிருக்கும். இது வந்த பிறகு, பாட்டு முடிந்தும் ஜனங்கள் உட்கார மறந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து கிடக்கிறவனின் விரலா இது என்று இருக்கும்.

உன் காதை நம் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ரோட்டில் நின்றபடியே அடுத்த தோட்டத்து மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்று சொல்வாய். போய்ப் பார்த்தால் போயிருக்கும். நான் பாலிடெக்னிக் லேபில் இத்தனை வருடம் மீட்டரைப் பார்த்துக் காலம் தள்ளியவள். மீட்டர் ஒன்று சொல்லி நீ ஒன்று சொன்னால், மீட்டரைத்தான் மாற்றுவேன்.

போன வருடம் ஈஸ்டர் கழிந்து நீ போன் பண்ணினாய். "அக்கா, ஆம்ப் வெறச்சுப் போச்சு."

"வெறச்சுப் போச்சுன்னா?"

"கம்பி மட்டுந்தேன் கேக்குது. கிட்டாரோட கட்டை கேக்க மாட்டேங்குது. குளுந்துபோயிக் கெடக்கு. வந்து பாரேன்."

அந்த ஞாயிறே பஸ் ஏறி வந்தேன். கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீ சொன்னால் ஏதோ இருக்கும் என்று, முதல் வால்வை எடுத்துவிட்டு, அதைவிட அடக்கமாகப் பேசுகிற வேறொன்றைப் போட்டேன். சத்தத்தின் முனை மழுங்கி இதமாக வந்தது. நீ கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, "பரவால்ல" என்றாய். முகத்தில் பரவாயில்லை என்பது இல்லை. அடுத்த மாதம் பெரிய வால்வையும் மாற்றினேன். அப்போதும் அதே முகம்.

பிறகு ஸ்பீக்கர்தான் காரணம் என்று நாம் இரண்டு பேருமே முடிவு செய்தோம். தேனியில் பழைய சாமான் கடையில், ரேடியோவும் இசைத்தட்டும் சேர்ந்த ரேடியோகிராம் பெட்டி ஒன்று கிடந்தது. அதிலிருந்த பத்து இன்ச் ஸ்பீக்கரைக் கழற்றி வாங்கினேன். அதன் கூம்புக் காகிதம் கிழியாமல் இருந்தது. மீட்டர் வைத்து ஓம் அளந்து பார்த்தேன், பொருந்தியது. அதற்கேற்ற பலகைப் பெட்டியைத் தச்சரிடம் அடித்து வாங்கி, பஸ்ஸில் இரண்டு சீட்டுக்குக் காசு கொடுத்துக் கொண்டுவந்தேன்.

அந்த மத்தியானத்தைத்தான் தம்பி, நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். நான் தரையில் கையூன்றி உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நீ ஒரே ஒரு முறை எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டினாய். தரை வழியாக அது என் கையில் ஏறித் தோளுக்கு வந்தது. கட்டை, தம்பி. நீ கேட்ட அந்தக் கட்டை. அம்மா கீரைக்காம்போடு வாசல்படிக்கு வந்து, "இப்பத்தேன்டா நல்லாருக்கு" என்றாள்.

நீ தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாய். மறுபடி மீட்டினாய். "இல்லம்மா" என்றாய். அப்புறம் என்னைப் பார்த்து, "இல்லைல்லக்கா?" என்றாய்.

நான் கேட்டதைச் சொல்லியிருக்கலாம். நல்லா இருக்குடா என்று இரண்டு சொல். உன் முகத்தைப் பார்த்தேன், என் காதை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. "ஆமாடா, இன்னும் கொஞ்சம் வரணும்" என்றேன். திரும்பிப் போகிற பஸ்ஸில் சின்னமனூர் தாண்டுவதற்குள் அடுத்த வால்வுக்கு ஆர்டர் போட்டேன். நேற்று வந்தது அதுதான்.

அடையாளம் இல்லாமலும் இல்லை. போனை வலது காதுக்கே கொண்டுபோனாய். வரப்பில் நடக்கும்போது ஒரு பக்கம் தள்ளாடினாய். கேட்டதற்கு, "மருந்தடிச்ச கெறக்கம்" என்றாய். நானும் அதோடு விட்டேன். சத்தம் அதிகமாக இருக்கிறது, குறைத்து வை என்று ஃபாதர் சொன்னதாகக் கோபப்பட்டாய். நானும் சேர்ந்து கோபப்பட்டேன்.

ஆடி மாதம் பந்தலுக்கடியில் விழுந்தாய். கல்தூணில் நெற்றி பட்டு நாலு தையல். உன் வீட்டுக்காரி ஜெசிதான் பிடிவாதமாக, விழுந்ததற்குக் காரணம் தெரியாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நின்றாள். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்ததும் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு உன்னிடம் கேட்டார்.

"இடது காது எத்தனை நாளா சரியில்லை?"

"காது நல்லாத்தேன் சார் இருக்கு" என்றாய் நீ. "ஆம்ப்ளிபயர்தேன் சரியில்ல."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். காது நரம்பில் கட்டி. பெரிதாகி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் வால்வு மாற்றிக்கொண்டிருந்த மாதங்களெல்லாம் அது வளர்ந்துகொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெசி காபி வாங்கப் போயிருந்தாள். தலையை மழித்திருந்தார்கள். சின்ன வயதில் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டபோது இருந்த மாதிரியே இருந்தாய். நான் உன் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, ஸ்பீக்கர் மாத்துனியே, அன்னைக்கு ஒனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

இனிமேல் பொய் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "நல்லா இருந்துச்சுடா. அன்னைக்கே நல்லா இருந்துச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"ஒனக்குத்தேன் தெரியும்னு நெனச்சேன்."

"நானும் ஒனக்குத்தேன் தெரியும்னு நெனச்சேன். நீயே இன்னும் வரணும்னு சொன்னதுல, கோளாறு ஆம்ப்லதேன்னு இருந்துட்டேன்" என்றாய். குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாய், அவ்வளவுதான். பிறகு, "எப்படி இருந்துச்சுன்னு சொல்லு" என்றாய்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதிர்வெண், அலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வார்த்தைகள் ஒன்றுகூட உதவவில்லை. கடைசியில், "அம்மா கீரை உருவிக்கிட்டிருந்தாகல்ல" என்றேன். "அவுக கை நின்னுபோச்சுடா."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "போதும்க்கா" என்றாய்.

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் நீ கண் திறக்கவில்லை. பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். பச்சை அங்கியும் செருப்பில்லாத காலுமாக நின்று, உன் வலது காதில் என்னவெல்லாமோ பேசினேன். தோட்டத்தில் திராட்சைக் கொத்து பழுத்துவிட்டது என்றேன், பழுக்காதபோதே. உன் விரல்கள் போர்வைமேல் கிடந்தன. நுனியில் கிட்டார்க் கம்பி பட்ட காய்ப்பு அப்படியே இருந்தது. அதைத் தடவுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில், உள்ளே விடுகிற நேரத்துக்கு முன்பே கூப்பிட்டார்கள்.

எல்லாம் முடிந்து, காகிதங்கள் வாங்கப் போனபோது டாக்டரிடம் கேட்டேன், மூன்று மாதம் முன்னால் கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று. அவர் பேனாவை மூடி வைத்தார். "சொல்ல முடியாதும்மா" என்றார். கிடையாது என்று சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் ஏதாவது செய்திருப்பேன். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆம்ப்ளிஃபயரை ஜெசி கோயிலுக்கே கொடுத்துவிட்டாள். பாடகர் குழுவில் புதிதாக ஒரு பெண் வாசிக்கிறாளாம். நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் போய்க் கேட்கவில்லை.

எனக்கு இப்போது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. யாராவது தலையை ஒரு பக்கமாகத் திருப்பினால் விடமாட்டேன். லேபில் ஒரு பிள்ளையை டாக்டரிடம் காது காட்டச் சொல்லி விரட்டியதில், அவள் அப்பா பிரின்சிபாலிடம் வந்து நின்றார். போன வாரம் அம்மா இங்கே வந்திருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்த்தி, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்று அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் குறை இல்லை என்றார்கள். வராண்டாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காம இல்லடி. திரும்ப மனசில்ல, அவ்வளவுதேன். எனக்கு எல்லாம் கேக்கும். காலையில அடுப்புக்கிட்ட நின்னு அவன்கிட்டப் பேசுறியே, அதுகூட ஒரு வார்த்த விடாமக் கேக்குது."

அன்றிலிருந்து நான் உன்னிடம் வாய்விட்டுப் பேசுவதில்லை, தம்பி. எழுதுகிறேன்.

அக்கா