ஒன்றரை நிமிஷம் கூடுதல்

பழங்காநத்தம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சபுரா எழுதுகிறேன். நானும் மகள் ஆயிஷா சித்திகாவும் நலம். நீங்கள் நலமா என்று வழக்கம்போலக் கேட்டுவைக்க இந்தத் தடவை மனம் வரவில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். இரண்டு மாதமாக உங்கள் போனை எடுப்பது அங்கே உங்களோடு இருக்கிற என் தம்பி பாதுஷாதான். கேட்டால், மச்சான் குளிக்கிறாக, தொழப் போயிருக்காக என்கிறான். ஒரு மனுஷன் இம்புட்டு நேரமா குளிப்பார்? வீடியோ காலில் வரச் சொன்னால் நெட் இல்லை என்று ரெக்கார்டு பண்ணி அனுப்புகிறீர்கள். அதை அனுப்ப மட்டும் நெட் எங்கிருந்து வருகிறது? அதனால்தான், லீவு முடிந்து சவூதிக்கு, உங்கள் தம்மாமுக்கே திரும்புகிற பக்கத்து வீட்டுக் கருத்தக்கண்ணன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்களைத் தவிர யாரிடமும், முக்கியமாக என் தம்பியிடம், கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அங்கே உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்குமோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள். நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் அனுப்பிய வீடியோவில், நிக்காஹ்வுக்கு லீவு கிடைக்காது, என் அண்ணனே வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பாளராக நின்று மாப்பிள்ளை கையைப் பிடித்து ஒப்படைக்கட்டும் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம் முற்றியது. ஆயிஷா பிறந்ததிலிருந்து, என் மகள நான்தான் பிடிச்சுக் குடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன் நீங்கள்.

அந்த வீடியோவைப் பெரிய டிவியில் போட, காளவாசலில் கல்யாண வீடியோ எடுக்கும் சூரியபிரகாஷிடம் பென்டிரைவில் மாற்றித் தரச் சொன்னேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஆரம்பம் சரியாகத்தான் இருந்தது. போகப் போகப் பேச்சு முன்னால் ஓடுகிறது, வாய் பின்னால் வருகிறது. மூன்றாவது நிமிஷத்தில் நீங்கள் பேசாத நேரத்திலும் உதடு அசைகிறது. அத்தா குரலை வேற யாருக்கோ ஒட்டவச்ச மாதிரி இருக்கும்மா என்று ஆயிஷா டிவியை அணைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய், எங்க வீட்டுக்காரர் பேச்சில் எதை வெட்டினாய் என்று சத்தம் போட்டேன். சூரியபிரகாஷ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நான் ஒண்ணையும் வெட்டலக்கா, நீங்க கொண்டாந்த ஃபைல்லயே படம் ஆறு நிமிஷம், சத்தம் ஏழரை நிமிஷம், ரெண்டும் ஒரே நீளமா வரட்டும்னு படத்த இழுத்துவிட்டேன், அதான் வாய் பின்தங்கிப் போச்சு என்றார். எடுத்தவர் போனிலேயே கடைசிப் பகுதியை வெட்டியிருக்கிறார், படம்தான் வெட்டுப்பட்டிருக்கிறது, சத்தம் அப்படியே கிடக்கிறது என்றும் சொன்னார். படத்தைப் பழைய வேகத்திலேயே விட்டுவிட்டு, மிச்சச் சத்தத்தை வெட்டினால் சரியாகிவிடுமாம்.

வெட்டும் முன் அதை எனக்குப் போட்டுக் காட்டு தம்பி என்றேன். போனில் நீங்கள் ஸலாம் சொன்னதும் நான் மூடிவிடுவேன், அதற்குப் பின்னால் இருந்ததைக் கேட்டதே இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்.

மச்சான், துண்ட எடுத்துறவா, கட்டு நனைஞ்சிருச்சு என்கிறான் பாதுஷா. மெதுவா மாப்ள என்கிறீர்கள். பிறகு நீங்கள் முனகுகிற சத்தம். பிறகு, ரெண்டு விரல வச்சுக்கிட்டு சபையில எப்படி மாப்பிள்ள கையப் பிடிக்கிறது, சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக, சபுராக்குத் தெரியவே கூடாது என்கிறீர்கள்.

மூன்று தடவை கேட்டேன். சூரியபிரகாஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

வெட்டித்தான் தந்தார். வெள்ளிக்கிழமை நிச்சயத்தில் வாயும் பேச்சும் கச்சிதமாகப் பொருந்தின. சம்பந்தி வீட்டார் ஆமீன் சொன்னார்கள். நான் மட்டும் உங்கள் மடியில் கையை மூடிக் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் விரல்களை வாங்கியது கம்பெனியில் எந்த மிஷின்? ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தீர்கள்? நஷ்டஈடு தராமல் தப்பிக்க, கம்பெனிக்காரர்கள் எந்தக் காகிதத்திலாவது ரேகை வாங்கினார்களா? எனக்கு இன்னும் யார்மேலும் நம்பிக்கை வரவில்லை. வலியைத் தனியாகத் தின்றுவிட்டு எனக்குச் சிரித்த முகத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளை இப்படியா நினைப்பது? கோபம் கோபமாக வருகிறது மச்சான், அழுகையும் வருகிறது.

ஆயிஷாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேற்று சம்பந்தி வீட்டார் நிக்காஹ் தேதி குறிக்க வந்தார்கள். பெண்ணின் அத்தா வந்த பிறகுதான் தேதி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் அண்ணனிடமும், அவர் வலியாக நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணைப் பெற்றவர் கையில் எத்தனை விரல் இருக்கிறது என்று எண்ணுகிற வீடாக இருந்தால், அந்த வீடு என் மகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வந்துவிடுங்கள். அந்த இரண்டு விரலாலேயே அவளைப் பிடித்துக் கொடுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே அல்லாஹ் உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள்
சபுரா