ஆவணி முதல் தை வரை உள்ள பாடங்கள்

போடிநாயக்கனூர்
17-5-81, ஞாயிறு

அன்பு மகன் திருப்பதிக்கு அம்மா ராமுத்தாய் சொல்லச் சொல்லத் தங்கச்சி பொன்னுமணி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜபல்பூரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் கையெழுத்தில் தெரிந்தால்தான் என் மனசு ஓரிடத்தில் உட்காரும். பட்டாளத்தில் தினமும் சப்பாத்திதான் என்று எழுதியிருந்தாய், வயிறு பொருமினால் சீரகத்தை வறுத்து வெந்நீரில் போட்டுக் குடி, போன லீவில் கொடுத்துவிட்ட ஏலக்காய் மிச்சமிருந்தால் இரண்டைத் தட்டிப் போட்டுக்கொள். இங்கே வெயில் தாங்கவில்லை, கொட்டகுடி ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். தேவாரம் ஊரில் உன் மாமன் தோட்டத்தில் யானை இறங்கித் தென்னம்பிள்ளைகளை முறித்துப் போட்டுவிட்டது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அப்பா மலையில் ஏலத்தோட்டத்துக் களைவெட்டில் இருக்கிறார், இந்த வாரம் இறங்கவில்லை, செவ்வாய்க்கிழமை வருவதாக ஜீப்புக்காரரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை உனக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கு இவளை உட்கார வைத்திருக்கிறேன்.

பொன்னுமணி கணக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பட்டாளத்து ரேடியோ வகுப்பில் அல்ஜீப்ரா புரியாமல் நான் முழித்த முழி என் தங்கச்சிக்கு வரக்கூடாது என்று சொல்லி, எட்டாவதோடு நின்றுபோன இவளை வருகிற ஜூனில் ஒன்பதாவதில் சேர்க்கச் சீனிச்சாமி வாத்தியாரிடம் நீ பேசிவிட்டுப் போனாய் அல்லவா, அந்த மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததுமே அல்ஜீப்ரா ஆரம்பித்துவிடுமாம், அதனால் இந்தக் கோடை லீவுக்குள் பழைய கணக்கையெல்லாம் அடியிலிருந்து போட்டுப் பழகிவிட வேண்டும் என்றார். "எழுத்த வச்சுக் கணக்குப் போடப் போறோம்மா, எண்ண வச்சே போடத் தெரியாத பிள்ள எழுத்த வச்சு என்னத்தப் போடும்?" என்றார். முதல் நாள் நான்தான் அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஏழெட்டு எத்தனை என்று கேட்டார். இவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படிக்காத எனக்கே தெரிகிறது ஐம்பத்தாறு என்று. "வாயத் தொறந்து சொல்லுடி, உள்ள முத்தா வச்சிருக்க, உதிந்துருமுன்னு பயப்பட?" என்று அதட்டினேன், அப்போதும் பேச்சு இல்லை. தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னால் ஐம்பத்தாறு என்று சொல்கிறாள். அதை வைத்து நான் என்ன செய்ய. (இதை எழுதமாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டாள், எழுதுடி, உன் அண்ணனுக்குத் தெரியாத ஊமைத்தனமா என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன். எழுதியதை வாசிக்கச் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டு வேகமாக வாசிக்கிறாள், நான் இவ்வளவு நேரம் பேசினேன், நீ இத்தனூண்டு வாசிக்கிறாயே என்று பிடித்துக்கொண்டேன்.)

மறுநாள் வாத்தியாரே ஒரு வழி கண்டுபிடித்தார். "சரி தாயி, என்னையப் பாக்க வேணாம், அந்தச் சுவத்தப் பாத்துச் சொல்லு" என்றார். திரும்பி நின்றுகொண்டு, மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள் பார், எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் சுவர்தான் இவளுக்குப் பள்ளிக்கூடம். பகலில் என்னோடு கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்க வருகிறாள், கை காயில் இருக்கிறது, வாய் முணுமுணுக்கிறது. ஒருநாள் கறுத்த காயையெல்லாம் நல்ல காய்க் குவியலில் தள்ளிவிட்டாள். பக்கத்தில் இருந்த இருளம்மாள், "ஏண்டி, நீ காயப் பொறுக்குறியா, கணக்கப் பொறுக்குறியா? ரெண்டுலயுமில்ல சொத்த கெடக்கு" என்று சொல்ல, கிட்டங்கியே சிரித்தது. இவள் முகத்தை முந்தானைக்குள் கொண்டுபோய்விட்டாள். சாயங்காலம் நான் இவளிடம் கணக்கு கேட்பேன், விடை சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, ஆனால் தப்பாகச் சொன்னால் குரல் கீழே இறங்கும், அதை வைத்து மறுபடி போடு என்பேன். மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன என்று ஒரு கணக்கு. மூணுல அஞ்சு போகாதுடி என்றேன். போகுமாம், போய்ச் சுழியத்துக்குக் கீழே இரண்டு நிற்குமாம். இல்லாததிலிருந்தும் எடுக்கலாம் என்று சர்க்காரே புத்தகம் போட்டுக் கொடுத்திருக்கிறது, பார்த்தாயா.

இப்போது என் மனசைப் போட்டு அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வாத்தியார் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள புத்தகங்களிலிருந்து கணக்கு எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு புத்தகத்திலும் முன்னால் உள்ள பாடத்தில் இவள் தப்பே செய்யவில்லை. கடைசிப் பாடங்களும் சரி. நடுவில் உள்ளது மட்டும் ஒன்றும் தெரியவில்லை. பின்னம், தசமம், விகிதம், எல்லாம் அந்த நடுவில்தானாம். மூன்றில் இரண்டையும் நாலில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழில் மூன்று என்று எழுதியிருக்கிறாள். மூன்றில் இரண்டு என்றாலே பாதிக்கு மேலே, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதிக்குக் கீழே எப்படியம்மா போகும் என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எலி வந்து புத்தகத்த நடுவுல மட்டும் தின்ன மாதிரி இருக்கும்மா. நாலு வருசமும் அதே எடந்தான். பிள்ளைக்கு அப்பப்ப ஏதும் சீக்கா? இதெல்லாம் ஆவணில ஆரம்பிச்சுத் தையில முடிக்கிற பாடமாச்சே" என்றார். சீக்கு இல்லை சார், காய்ப்பறிப்பு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். நீ படிக்கும்போது உன்னை ஜக்கம்மாள் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் மலை ஏறினோம். இவளை மட்டும் கை வேகம் என்று வருஷா வருஷம் ஆவணியில் ஜீப்பில் ஏற்றி, தை கழிந்து இறக்கினோம். பள்ளிக்கூடத்தில் பேர் இருந்தது, பிள்ளை மலையில் இருந்தாள். இவளுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியார் இப்போது அந்த நடுப் பாடங்களைத்தான் உட்கார்ந்து நடத்துகிறார். நேற்று அதே கூட்டல் கணக்குக்குப் பன்னிரண்டில் பதினொன்று என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், குரல் இறங்கவில்லை. ஆனால் அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டார். "அல்ஜீப்ரா மத்ததப் போல இல்லம்மா, ஒண்ணப் பிடிச்சு ஒண்ணு ஏறணும். நடுவுல நாலு நாள் விட்டாலே பிள்ள திணறும். நாலு மாசம் விட்டா இந்த லீவு பூராப் படிச்சது ஆத்துல கரச்ச புளிதான்" என்றார். அப்பாவோ போன தடவை வந்தபோது இவள் சுவரோடு பேசுவதை வாசலில் நின்று கேட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "படிக்கட்டும் படிக்கட்டும், ஆவணி வரைக்கும் சும்மாதான இருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன். கங்காணி மொக்கச்சாமியிடம் இந்த வருஷமும் மூன்று பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டாராம். மூன்று கை இருந்தால்தான் தோட்டத்துக் குடியிருப்பு லயத்தில் நமக்கென்று தனி அறை, இல்லாவிட்டால் இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் ஒண்ட வேண்டும். "பொன்னுமணி கை பட்டா பழுத்த காய் மட்டுந்தான் வரும், ஒரு பிஞ்சு உதிராதுன்னு மொக்கச்சாமியே நாலு பேரு முன்னால சொன்னாருல்ல" என்று பெருமை வேறு. ஆணியில் தொங்குகிற பறிப்புக் கூடை மூன்றையும் தூசி தட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார், மழைக்கு முன்னால் மேலே கொண்டுபோய்விட வேண்டுமாம். அப்பா கெட்ட மனுஷன் இல்லை அப்பு, அவருக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியது நான், எனக்கும் இவளைப் போலவே அந்த இடத்தில் வாய் அடைத்துக்கொள்கிறது. சொன்னால் ஒரு நாளும் கை ஓங்கமாட்டார், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுவார், அதுதான் எனக்குத் தாங்காது.

உன் சொல்லுக்கு அவர் மறு சொல் சொல்லமாட்டார். ஆகையால் இந்த ஆவணியில் இவளை மலைக்குக் கூப்பிட வேண்டாம் என்று நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. ஜக்கம்மாள் பெரியம்மாவிடம் நான் கேட்டுவிட்டேன், நீ இருந்த அதே இடத்தில் இவளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். கடிதம் எழுதுவதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக்கு எழுதினால் அப்பாவுக்கு வாசித்துக் காட்டப்போவது இவள்தான், தன் பேர் வருகிற இடம் வந்தால் கட்டாயம் விழுங்கிவிடுவாள். மலை விலாசத்துக்கு எழுதினால் அங்கே வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் மொக்கச்சாமி, அவர் எதை விழுங்கி எதைத் துப்புவார் என்று உனக்கே தெரியும். அதனால் வீட்டுக்கே எழுது, நலம் விசாரிப்பதற்கு முன்னால் முதல் வரியிலேயே இதை எழுதிவிடு, தாண்டிப் போக இவளுக்கு வழி இருக்காது. கோபமாக எழுதாதே. அப்பா தப்புச் செய்தார் என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

உன் செருப்பு அறுந்துவிட்டது என்றாயே, வாங்கினாயா. புதுக் கூட்டாளிகளோடு ரயிலடி, கடைத்தெரு என்று ராத்திரியில் சுற்றாதே. எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாவிட்டாலும் உச்சியில் ஒரு சொட்டு வைத்துக்கொள். நம் குலசாமி உன் தலைக்கு மேலே குடையாக நிற்கட்டும், போன மாதிரியே சேதமில்லாமல் நீ திரும்பி வர வேண்டும். முதல் வரி என்று சொன்னதை மறந்துவிடாதே.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா
ராமுத்தாய்

அண்ணே, இனி எழுதுவது பொன்னுமணி. அம்மா சொன்னதில் ஒரு வரியையும் நான் விழுங்கவில்லை, நம்பு. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அப்பா செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். உன் கடிதம் வந்தால் அதை அவர் எதிரே உட்கார்ந்து நான் வாசிக்க வேண்டும், முதல் வரியிலேயே என் பேர் இருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட நானே சொல்லிவிடுவது தேவலை என்று தோன்றியது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அப்பா, ஆவணியில் நான் மலைக்கு வரவில்லை, எனக்குத் தெரியாத பாடமெல்லாம் நாம் மலையில் இருந்தபோது நடத்தினது என்று சொல்லிவிட்டேன். அம்மா அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பா, "நாலு வருசமுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதைச் சொல்லும்போது நான் சுவரை விட்டுத் திரும்பியிருந்தேன், எப்போது திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டு, "மொக்கச்சாமிட்ட நான் என்னத்தச் சொல்ல" என்றார். அப்புறம் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

இன்று காலை முதல் ஜீப்புக்கே மலைக்குக் கிளம்பிவிட்டார். கூடைகளை எடுத்துக்கொண்டு போனார், ஆனால் இரண்டைத்தான் எடுத்துப் போயிருக்கிறார். என்னுடையது ஆணியிலேயே தொங்குகிறது. மறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று அம்மா என்னைக் கேட்கிறாள், நான் அம்மாவைக் கேட்கிறேன். அடுத்த வாரம் அவர் இறங்கும்வரை அதை யாரும் தொட வேண்டாம் என்று இருக்கிறோம். நீ அவருக்கு எழுதும்போது கூடையைப் பற்றி ஒன்றும் எழுதிவிடாதே, வாசிக்கப் போவது நான்தான்.

உன் தங்கச்சி
பொன்னுமணி