சிவப்புத் துணி கட்டிய டப்பா

மாப்ளே,

மெழுகு வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் சர்ச் நினைவுக்கு வரும். எனக்கு உன் வீட்டுப் பின்னறைதான். நேற்று அந்த வாசனை என் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. உன் மகன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருந்தது. அதன்மேல் ஒரு சிவப்புத் துணி, உன் முடிச்சு.

எனக்கு எழுத்து தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "போனவருக்கு எந்தப் பெட்டியில மாமா போடறது?" என்று கேட்கிறாள். நீ எழுதும்மா, அவன் வாங்கிக்குவான் என்றேன்.

"நாளைக்கு அப்பாவுக்கு வருஷம் மாமா. துப்பாக்கி லைசென்ஸும் என் பேருக்கு மாறியாச்சு. இது அவர் கையால அடைச்ச தோட்டா. திதி முடிஞ்சதும் ஒண்ணே ஒண்ணை மண்மேட்டுல சுடப்போறேன். நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்" என்றான் உன் மகன்.

நான் டப்பாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தத் துணியை எனக்குத் தெரியும்.

நீ பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவன். நான் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கியவன். சிப்பிகாட் ஊரில் வேலிக்கு அந்தப்பக்கம் நீ, இந்தப்பக்கம் நான். அவரைப் பந்தலுக்கு எருப்பொதி சுமந்ததெல்லாம் நாம், தின்றது மான். நீ மானைச் சுட்டதில்லை; அது மேயும்போது எதிர்மேட்டு மண்ணில் ஒரு வெடி, அவ்வளவுதான். "இதுக்குப் பட்டாசு போதாதா?" என்று கேட்டேன். "இந்த ஊர் மழையில பட்டாசு ஊறிப்போகும். மீதி வெடிச்சதுக்கு மான் பழகிப்போச்சு. போன வாரம் ஒண்ணு நின்னு வேடிக்கை பார்த்துச்சு" என்றாய்.

கடைத் தோட்டா மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பல் எப்போது வரும், அதில் தோட்டா வருமா, யாருக்குத் தெரியும்? அதனால் சுட்டுப்போன பித்தளைக் கூடுகளைப் பொறுக்கித் துடைத்து நீயே திரும்ப அடைப்பாய். மேசையில் திருகிய சின்ன அழுத்துக் கருவி, தட்டான் தராசு, ஒரு குறடு, இவ்வளவுதான் உன் பட்டறை. அடைத்ததை டப்பாவில் போட்டு, ஈரம் ஏறாமல் மெழுகு ஊற்றுவாய்.

அந்த வேலை நடக்கும்போது கதவில் சிவப்புத் துணி தொங்கும். தொங்கினால் வீட்டில் யாரும் பேசக் கூடாது. உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, டீயை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடும். நான் வெளியே உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு அவரைக்காய் உரிப்பேன். ஏன் இந்த மௌனவிரதம் என்று ஒருநாள் கேட்டதற்கு நீ சொன்னாய்: "பேச்சு வந்தா ஒரே கூட்டுல ரெண்டு தடவை வெடிமருந்து விழும். குறைஞ்சா வெடிக்காது. கூடினா மூஞ்சியில வெடிக்கும்."

அப்படிப்பட்டவன் நீ. ஆனால் உன் மாமியார் முதன்முதலாகத் தீவுக்கு வந்த நாளை என்ன சொல்வது? துணி தொங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே நீ பாதி வேலையில் இருக்கிறாய், தங்கச்சி அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவருகிறது.

"என்னங்க! கப்பல் ஹேடோவுல கட்டியாச்சாம்! அம்மா ஜெட்டியில தனியா நிப்பாங்க!"

"அடியேய், துணி தொங்கறது தெரியலையா?"

"துணியா போய் அம்மாவைக் கூட்டிட்டு வரும்? ஜல்தி கிளம்புங்க!"

போட்டது போட்டபடி எழுந்து ஓடினாய். மாமியாரோடு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாய். அந்த அம்மா உன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கப்பலில் யார் யார் வாந்தியெடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். புது மாமியாரிடம் துணியைக் காட்டி வாயை மூடுங்கள் என்று எப்படிச் சொல்வாய்? சிரித்துக்கொண்டே எல்லாக் கூட்டிலும் குண்டை வைத்து அழுத்தி முடித்துவிட்டாய். அப்புறம்தான் உன் முகம் மாறியது. வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாய்.

"மாப்ளே, எழுந்து போறப்ப கடைசிக் கூட்டுல மருந்தைக் கொட்டிட்டுப் போனேனா, கொட்டாமப் போனேனா?"

"நான் அவரைக்காய் உரிச்சுட்டிருந்தேன். எனக்கென்ன தெரியும்?"

"வந்ததும் அதுல ஒருதரம் கொட்டினேன். முன்னாடியே கொட்டியிருந்தா..."

"எந்தக் கூடுன்னு தெரியுமா?"

"மூடினப்புறம் எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"அப்ப அத்தனையையும் தூக்கிப் போடு!"

என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து உன் மாமியார், "பட்டாளத்துல இருந்தவரு. என் மருமகன் கை தப்பு செய்யுமா?" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் நீ நிமிர்ந்துவிட்டாய். "என் கை எனக்குத் தெரியும். நீ உன் அவரைக்காயைப் பாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய்.

அதோடு என் நிம்மதி போயிற்று. நீ துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடி, காதில் விரலை விட்டு, முருகா முருகா என்பேன். வெடித்து முடிந்ததும் உன் சிரிப்பு கேட்டால்தான் கண்ணைத் திறப்பேன். "பாகல், பைத்தியக்காரா! மான்கூட உன் அளவு பயப்படலைடா" என்பாய். அந்தத் தோட்டாவெல்லாம் தீர்ந்ததா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "எந்தத் தோட்டா?" என்பாயே தவிர, ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

நீ காய்ச்சலில் போனாய். கடைசியாக உன் முகத்தைப் பார்த்தபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. இரண்டு கண்ணும் பழுதில்லாமல் இருந்தன. இனி இவனுக்காகப் பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன்.

இப்போது அதே பயத்தை உன் மகன் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா கை தப்பு செய்யாது மாமா" என்றான்.

"உன் பாட்டியும் இதையேதான் சொன்னாங்க. அதுலதான் வந்தது வினை."

அவன் கையை நீட்டுகிறான், நான் கொடுக்கமாட்டேன் என்கிறேன். தங்கச்சிதான் நடுவில் வந்தது. "சுடறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல திறங்க அண்ணே."

கத்தியால் மெழுகைக் கீறித் திறந்தேன். உள்ளே இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்றில் பித்தளைக் கூடுகள், எல்லாம் வாய் திறந்து வெறுமையாக. இன்னொன்றில் குண்டுகள். ஒவ்வொரு குண்டிலும் குறடு கடித்த பல்தடம். மருந்து ஒரு பொடி இல்லை.

"ஒண்ணுலதானே சந்தேகம்? எல்லாத்தையும் பிரிச்சுட்டாரே!" என்றான் உன் மகன்.

"எதுலன்னு தெரியாதே. அப்ப எல்லாத்துலயும்தான்."

தங்கச்சி அந்தத் துணியை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னது: "அம்மாவை ஊருக்குக் கப்பலேத்திட்டு வந்த அன்னிக்கு ரூமுக்குள்ள போனாரு. குறட்டுச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. என்னன்னு கேக்கலாம்னு போனேன். கதவுல துணி தொங்குச்சு அண்ணே. திரும்பி வந்துட்டேன்."

மாப்ளே, அடப்பாவி. என் பேச்சைக் கேட்டிருக்கிறாய். கேட்டதை மட்டும் சொல்லாமல், நான் முருகா முருகா என்று நடுங்குவதை வேடிக்கை பார்த்திருக்கிறாய். நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். நெஞ்சுக்குள் இத்தனை காலம் ஒரு மூட்டை கிடந்திருக்கிறது என்பதே, இறங்கின பிறகுதான் தெரிந்தது.

பல்தடம் பட்ட குண்டு ஒன்றை உன் மகனிடம் கேட்டு வாங்கினேன். என் வெற்றிலைப் பையில் கிடக்கிறது. பாக்கு எடுக்கக் கை விட்டால் தட்டுப்படுகிறது.

இன்றைக்குக் காலையில் உன் திதி முடிந்தது. வழக்கம்போல மான்கூட்டம் உன் பந்தலில் நின்றது. உன் மகன் கடைத் தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். பழக்கத்தில் என் விரல் காதுக்குப் போயிற்று. ஆனால் கண்ணை மூடவில்லை.

வெடித்தது. மேட்டில் மண் தெறித்தது. புள்ளிமான் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பி, வால் வெள்ளையைத் தூக்கிக்கொண்டு, வேலிக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின.

அவை ஓடுவதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, மாப்ளே. இவ்வளவு அழகு என்று நீ சொல்லவே இல்லையே.