அண்ணன் வீட்டு லைட்டு, என் வீட்டு சுவிட்ச்

சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்ந்துவிட்டுப் போன என் அண்ணா,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. பதினோரு வருஷம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது கடுதாசி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். எதிர்ப்பேச்சு பேச நீ இல்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம்ம வீட்டை விற்கப் போகிறோம். குடிபாலா ஊர் வீட்டு புரோக்கர் போனில் போட்ட விளம்பரத்தைப் படித்திருந்தால் இது யார் வீடு என்று நீயே கேட்டிருப்பாய். "பழைய காலத்து ஓட்டு வீடு, தேக்கு உத்தரம், கிணறு உண்டு, கொஞ்சம் மாடர்ன் பண்ணினால் அரண்மனை." ஹாலுக்கு நடுவில் சுவர் இருப்பதை மட்டும் அந்த ஆள் எழுதவில்லை. போட்டோவையும் சுவர் தெரியாதபடி ஓரமாக நின்று எடுத்திருந்தார்.

வீடு பார்க்க வந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தச் சுவர்தான். ஜன்னலையே இரண்டாக வெட்டிக்கொண்டு நிற்கிறதே, எப்படிப் படாமல் இருக்கும்? "எந்துக்கு சார் இக்கட கோட?" என்று ஒருவர் கேட்டார். இங்கே எதற்குச் சுவர் என்று நானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டதுதான். அண்ணன் தம்பி பாகம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றைப் பார்க்கப் போனார்.

நைனா கண்ணை மூடினதும் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்றேன். நைனா கையால் வேய்ந்த ஓடு, தொடக்கூடாது என்றாய். நைனா கையால் வேய்ந்த ஓடு ஒழுகுது என்றேன். நான் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் பேச்சு எங்கெங்கோ போனது. சொல்லக்கூடாததை இரண்டு பேரும் சொன்னோம். கடைசியில் மேஸ்திரி வந்து நூல் பிடித்தார். பாதி வீட்டுக்கு மட்டும் கான்கிரீட் போட முடியாது என்பது சுவர் எழும்பின பிறகுதான் என் மண்டைக்கு உறைத்தது.

இப்போது வாங்க வந்திருப்பவர்கள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அங்கிள், ஓடு சூப்பரா இருக்கு, அதை மட்டும் மாத்தாதீங்க" என்றாள். நீ இருந்திருந்தால் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமியிருப்பாய். சரி, நீதான் ஜெயித்தாய். ஒத்துக்கொள்கிறேன்.

அவர்களுக்குச் சுவரை எடுக்க வேண்டும், உள்ளேயே பாத்ரூம் கட்ட வேண்டும், ஒயரிங் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். எல்லாம் பேசியாகிவிட்டது. அண்ணி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மூன்று மாசமாக "பாக்கலாம் தம்பி" என்று ஒரே பதில். உன் மகள் திருப்பதிக்கு வந்துவிடு என்று தினம் போனில் கெஞ்சுகிறாள். உன் பக்கம் ஓட்டைத் தாங்குகிற கைமரம் இரண்டைச் செல் அரித்துவிட்டது. இந்த மழைக்குத் தாங்காது. அதற்குக் கீழேதான் அண்ணி பாய் போட்டுப் படுக்கிறாள். எனக்கு அதுதான் பயம்.

இப்போது லைட்டு விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நாம பேசினதே இல்லையே.

சுவர் எழும்பின வாரமே உன் பக்கத்து ஒயரிங்கை எல்லாம் நீயே ஒரு நாளில் தனியாகப் பிரித்துக்கொண்டாய். கரண்ட் ஆபீஸ் லைன்மேனான உனக்கு அது ஒரு வேலையா? ஆனால் ஹால் பல்பு மட்டும் உன் பக்கம் போக, அதன் சுவிட்ச் என் பக்கம் நின்றுவிட்டது. முதல் நாள் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் இருட்டாக இருந்தது. நான் கொஞ்ச நேரம் வீம்பு பிடித்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குப் போட்டு, படுக்கும்போது நிறுத்தினேன். வீட்டுக்காரி பேரனைப் பார்த்துக்கொள்ள திருப்பதியில் மகன் வீட்டுக்குப் போன பிறகு, எனக்கு இருந்த ஒரே கட்டாய வேலை அதுதான். நானும் திருப்பதி போனால் இரண்டு நாளும் எரியட்டும் என்று போட்டுவிட்டே போவேன்.

நீ ஏன் சுவிட்சை மாற்றிக்கொள்ளவில்லை என்று யோசித்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் என்னை வேலைக்காரனாக வைத்திருக்கிற திமிர் என்று நினைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து சுருண்டு படுத்த அன்று, ஆறு மணி தாண்டி மளிகைக்கடைக்காரர் வந்து நின்றார். "அண்ணன் கேட்டாரு, லைட்டு வரலியேன்னு." எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. வெளிச்சத்துக்கு ஆள் அனுப்புகிறானா என்று எழுந்து போய்த் தட்டினேன். தட்டின வேகத்தில் சுவிட்ச் மூடி விரிசல் விட்டது. மறுநாள் காலையில் கடைக்காரர் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பெங்களூர்க்காரர்கள் ஒயரிங் பார்க்க ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார்கள். உன் பக்கம் காலண்டரைக் கழற்றியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இந்தப் பக்கமே சுவிட்ச் பாக்ஸ் அடிச்சி வெச்சிகீறாங்க. ஒயர்கூட இழுத்துகீது. முனைக்கு டேப்பு சுத்தி அப்படியே வுட்டுட்டாங்க. ரெண்டு நிமிஷ வேலை. யாரு செஞ்சது?"

"எங்க அண்ணன். லைன்மேன்."

"லைன்மேனா? அப்புறம் இன்னாத்துக்குப் பாதியில வுட்டாரு?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் காலண்டர் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நானும் கேட்டேன் தம்பி. வேணாம் வுடுன்னாரு. ஆறு மணிக்கி லைட்டு வந்தா அவன் வூட்ல கீறான். பகல்லயும் எரிஞ்சிக்கினு இருந்தா திருப்பதி போய்கீறான். ரெண்டும் இல்லன்னாதான் பாக்கணும்னாரு. ஒனக்கு ஜொரம் வந்த அன்னிக்கி வாசல் வரிக்கும் போய்ப் போய் வந்தாரு. லைட்டு வர்ற வரிக்கும் ஒரு வாய் துன்னல."

எலெக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாத்திரையும் நீதானா, அண்ணா?

வாசல் வரைக்கும் வந்தவனுக்கு நாலு எட்டு வைத்தால் என் வாசல். நீ ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். நான் வைத்தேனா? சித்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது மணி ஆறு. பழக்கத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் வந்தேன். நான் போட்ட வெளிச்சத்தில்தான் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அண்ணியிடம் கையெழுத்தைப் பற்றி மறுபடி கேட்டேன்.

"நீ போட்டாதானே அந்தப் பக்கம் ஒரு ஆளு கீதுன்னு எனக்கும் தெரியுது? அங்க போனா யாரு போடுவாங்க?"

அப்போதுதான் மூன்று மாசத்துப் "பாக்கலாம்" எனக்குப் புரிந்தது. அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஓட்டையோ சுவரையோ இல்லை. நானும் திருப்பதிக்குத்தானே மகனிடம் போகிறேன் அண்ணி, ஒரு ஆட்டோ தூரம் என்றேன். தினமும் ஆறு மணிக்குப் போன் அடிக்கிறேன் என்றேன். "மறந்துடுவே" என்றாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்தான் மறந்தேன், அதுவும் காய்ச்சலில் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நேற்று கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவரை இடிக்கிறோம். மேஸ்திரி அதே ஆள்தான், தலை மட்டும் நரைத்துவிட்டது. உன் பாக்ஸில் கனெக்ஷன் கொடுக்க வேண்டாம் என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். வீட்டைக் கைமாற்றிக் கொடுக்கிற வரைக்கும் ஆறு மணிக்கு லைட்டு என் கையால் வரும்.

அதற்கப்புறம் போன். அண்ணி எடுக்காத நாள் வந்தால் யாரையும் அனுப்ப மாட்டேன், அண்ணா. நானே எழுந்து போவேன்.

சுவிட்ச் இருந்த பக்கத்திலிருந்து,
உன் கூடப்பிறந்த தம்பி