ஞாயிற்றுக்கிழமைச் சங்கீதம்

1791 மார்ச் 9

என் அன்புக் கணவர் எலிபலெட்டுக்கு மெஹிடபெல் எழுதுவது. நீங்கள் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே சுகம் இல்லை.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உங்கள் கைக்கு வந்திருக்காது. நீங்கள் அனுப்பிய புது மெட்டின் தலைப்பில் 'ஹார்விண்டன்' என்று இருந்தது. அங்கேதான் பாட்டுப்பள்ளி நடத்துகிறீர்கள் என்று நினைத்து அந்த ஊருக்கு எழுதினேன். பதில் இல்லை. அடுத்த மெட்டில் 'டாலண்ட்' என்று இருந்தது. அங்கேயும் எழுதினேன். நம் பாடகர் குழுவை நடத்தும் ஆசகேல் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, மெட்டுக்கு ஏதோ ஒரு ஊர்ப் பேரை வைக்கிறது வழக்கம். வச்சவன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்" என்றார். பாட்டு வாத்தியார் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியவில்லை. பன்னிரண்டு நாள் வீணாய்ப் போயிற்று.

நீங்கள் செஸ்டர்ஃபீல்ட் சத்திரத்து மாடியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதாக, தகரப் பாத்திரம் விற்க வந்தவர் நேற்றுத்தான் சொன்னார்.

நம் மகள் திர்சாவுக்குத் தொண்டை அடைப்பான். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. நேற்று வந்த வைத்தியர் தம் பையைத் திறக்கவே இல்லை.

குளிர்காலம் முழுக்க மெட்டு அனுப்பத் தெரிந்தவருக்கு, இருக்கிற இடத்தை ஒரு வரி எழுதத் தெரியவில்லையே! வந்த பிறகு திட்டிக்கொள்கிறேன்.

வாத்தியம் எதுவும் இல்லாமல் நாலு குரலும் சேர்ந்து நிற்க வேண்டுமானால் முன்கூட்டியே பாடிப் பார்க்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? இன்று மதியம் எதிரே ஆராதனைக் கூடத்து மாடத்தில் ஆசகேல் ஆரம்பித்துவிட்டார். அடக்கத்துக்குப் பாடுகிற சங்கீதம். ஊரில் வேறு யாரும் நோயாய்க் கிடக்கவில்லை.

திர்சா கண் திறந்து, யார் செத்துப்போனார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்காகப் பாடிப் பார்க்கிறார்கள் என்று பொய் சொன்னேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

"மேல்குரல்ல ஆள் பத்தலம்மா. நான் இல்லல்ல" என்றாள். பிறகு தன் பங்கை அவளே பாட ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை.

குதிரை கிடைக்காவிட்டால் நடந்தாவது வாருங்கள். ஆண்டவர் உங்கள் வழியைச் செவ்வையாக்கட்டும். அவள் உதடு இன்னும் அசைகிறது. அது நிற்பதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
மெஹிடபெல்