"உள்ளே" பலகையில் ஒரு டோக்கன்

மச்சான்,

நேற்று மாலை சுரங்க வாசலில், "உள்ளே" என்று எழுதிய பலகையில் ஒரு டோக்கன் மட்டும் மிஞ்சித் தொங்கியது. பதினேழாம் நம்பர். உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

நாம் இருவரும் நீர்மின் சுரங்கத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்திலும் இதே பித்தளை டோக்கன்தான். நீ டிக்கோயா ஆணிக்கடைக்காரர் மகன், நான் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் மலைக்குள் வேலை. வெடி வைத்த பிறகு அலவாங்குக் கம்பியால் கூரைப் பாறையைத் தட்டி, எது நிற்கும் எது விழும் என்று சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். அதில் நீ கெட்டிக்காரன். எழுத்துப் பரீட்சை என்றால்தான் உனக்குக் காய்ச்சல் வந்துவிடும். பஸ்ஸில் நான் கேள்வி கேட்பேன், நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாய். சான்றிதழ் கிடைத்தால் நிரந்தர வேலை. தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோலில் பேர் பதியாமல் பிழைக்கப்போகும் முதல் ஆள் என் மகன்தான் என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

உள்ளே போகும்போது டோக்கனை "உள்ளே" பலகையில் மாட்ட வேண்டும், திரும்பியதும் கழற்றி "வெளியே" பலகையில் மாட்ட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் வெடி வைக்கக் கூடாது. முதல் நாள் பாடமே அதுதான்.

இறுதி மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கையில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. எனக்கு ரதி வேஷம். அவசரத்தில் கல் ஏற்றி வெளியே போன லொறியில் தொற்றிக்கொண்டேன். டோக்கனைக் கழற்றப் பலகை அருகே இறங்கவேயில்லை. நீங்கள் நான்கு பேர் என் பெயரைக் கூப்பிட்டபடி இரண்டு மணி நேரம் சுரங்கம் முழுக்கத் தேடியிருக்கிறீர்கள். யாரோ லொறியை ஞாபகப்படுத்த, முழங்கால்வரை சேற்றோடு கூத்துத் திடலுக்கு வந்து சேர்ந்தாய். நான் சேலையும் ரோஸ் பவுடருமாக நின்றேன். என்னைப் பார்த்ததும் தரையில் குந்திவிட்டாய். கூத்துப் பார்க்க வந்திருக்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன், மடையன்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி இரக்கப்பட்டார். டோக்கன் தவறுதலாக மாட்டுப்பட்டது என்று எழுதினால் போதும் என்றார். தேடப் போனவர்களில் முதல் ஆளான நீதான் எழுத வேண்டும். நீ நடந்ததை நடந்தபடியே எழுதினாய். என் மதிப்பீடு ஆறு மாதம் தள்ளிப்போனது. உனக்குச் சான்றிதழ் வந்தது. அம்மா லயத்தில் தலைகாட்டவில்லை.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா" என்றேன்.

"உள்ள நீ கெடக்கலன்னு தெரிஞ்சப்ப அழுதுட்டேன்டா. அடுத்தவன் கெடக்கக் கூடாதுன்னுதான் எழுதுனேன்."

அந்த ஆறு மாதமும் உன்னோடு நான் பேசவில்லை. எனக்கும் சான்றிதழ் வந்த பிறகு பேசினோம், சிரித்தோம், உன் கல்யாணத்தில் பிரியாணியும் சாப்பிட்டேன். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. வறட்டு ரோஷம் எனக்கு.

சென்ற வருடம் உன் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசல் சுவரோரம் நின்றபோது, நம் சுரங்கத்துப் பழைய வாசல்காவலர் வந்து பேசினார். நான் பேசாதிருந்த அந்த ஆறு மாதமும் என் டோக்கன் "வெளியே" வரும்வரை நீ பலகை பக்கத்திலேயே நின்றாயாம். எத்தனையோ நாள் ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டாயாம். அன்று நான் அழுத அழுகை உனக்காக மட்டுமல்ல.

இப்போது இந்தச் சுரங்கத்தில் பயிற்சிக்குப் பொறுப்பு நான்தான். நேற்றைய பதினேழாம் நம்பர் கந்தப்பளைச் செல்வம். தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சின்னதுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் லொறியில் ஏறி ஓடிவிட்டார். அடுத்த வாரம் அவருக்கு மதிப்பீடு. பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்ததை நடந்தபடியே எழுதினேன்.

"நீங்க நெனச்சிருந்தா எழுதாம விட்டிருக்கலாம், சேர்" என்றார் இன்று காலை. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் எல்லோரும் போன பிறகு கடைசியாக வெளியே வந்தார். என்னைக் கண்டும் காணாதவர்போல டோக்கனைக் கழற்றி "வெளியே" பலகையில் மாட்டிவிட்டுப் போனார். நான் குடையை விரித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். ஐந்தரை பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது, மச்சான்.