கை மட்டும் என்னிடம் இருந்தது

மார்ச் 9

மிளகு அம்மாவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலத்தையும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. தியான நிலையத்தில் கைப்பேசி கூடாது, வாரம் ஒரு கடிதம் எழுதலாம். மூன்று வாரம் வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். நானே அதை மாற்றிச் சொல்லிப் பழகிவிடுவேனோ என்று பயம். ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்மூடி உட்கார்ந்தேன். விழுந்த பல்லைக் காட்ட ஓடிவந்தாள் மிளகு. "ஒரு நாளாவது நிம்மதியா உக்கார விடறீங்களா?" என்று கத்தியபடி கதவை அறைந்தேன். அவள் விரல் கதவிடுக்கில் இருந்தது. அமைதி தேடி உட்கார்ந்தவன் செய்த காரியம் இது.

இங்கே வந்து முப்பது நாள் ஆகிறது. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடிகிறது. நேற்று இமைமேல் ஈ உட்கார்ந்தது, நான் கையைத் தூக்கவில்லை. கோபம் என்பதே மறந்துபோன மாதிரி இருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததும் இங்குள்ள தண்ணீர் மோட்டாரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இன்னும் மூன்று மாதம் இருந்தால் முழுதாகத் திருந்தி வந்துவிடுவேன். சம்மதம் சொல்.

விரல் எப்படி இருக்கிறது?

உன்,
மிளகு அப்பா


மார்ச் 17

மிளகு அப்பாவுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். மோதிர விரலின் நுனி வளைந்தே இருக்கிறது. இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளியில் கேட்டதற்கு, "காத்துல கதவு மூடிக்கிச்சு மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்ல நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வயதில் அவளாகவே உங்களைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

"போங்க, எங்கயாவது போய் மனுஷனா வாங்க" என்று அன்று சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈ கதையைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறியத் தோன்றியது. உங்கள் மேல் ஈ உட்கார்ந்தது. என் மேல் என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டீர்களா?

ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவருக்கு மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "பரவாயில்லம்மா, நிதானமா குத்து" என்றார் அவர். அங்கேயே அழுதுவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பதிவேடு எழுத உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அவளுக்கு முன்னால் அழ முடிவதில்லை. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுகிறேன். நேற்று அவள் சாக்ஸைத் தொலைத்துவிட்டாள் என்று கத்தினேன். என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது.

மூன்று மாதம் என்னால் தாங்காது. திருந்தி முடித்துவிட்டு வர வேண்டாம். திருந்தினது வரைக்கும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போங்கள். மிளகும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மிளகு அம்மா


மார்ச் 31

மிளகு அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டதற்கு மன்னித்துவிடு. நீ துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாய். அப்போது நடந்தது உனக்குத் தெரியாது.

காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போனது. மிளகு தண்ணீரை என் சட்டையில் கொட்டினாள், நான் சிரித்தேன். நீயும் பார்த்தாய். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு டீ போடலாம் என்று மேல்தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்றவள் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டாள். எனக்குக் கோபமே இல்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும்? "சர்க்கரை எடுக்கறேன்டா கண்ணு" என்றேன். "தெரியும்ப்பா" என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன். பேருந்தில் ஏறும்வரை கால் நிற்கவே இல்லை.

இங்கே சமையல்கார அக்காவிடம் சொன்னேன். "அக்கா, இங்க எனக்குக் கோபமே வர்றதில்ல. வீடுதான் எனக்கு ஒத்துக்கல." அவர் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இங்க உன்னைக் கோபப்படுத்த யாருப்பா இருக்கா? நான் உப்பில்லாம சமைச்சாக்கூட எழுந்து போய்க் கண்ண மூடிக்கறே. குளிக்காத எடத்துல நனையலன்னு பெருமைப்படறியே." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை உட்கார்ந்தபோது ஒரு நிமிடம்கூட மனம் நிற்கவில்லை.

நான் வராமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நினைக்கிறேன். இங்கேயே இருந்துவிடட்டுமா?

மிளகு அப்பா


ஏப்ரல் 6

மிளகு அப்பாவுக்கு,

நீங்கள் போன அன்று மிளகு என்ன கேட்டாள் தெரியுமா? "அப்பா நல்லாத்தாம்மா இருந்தாரு. நான்தான் பயந்து கெடுத்துட்டேனா?"

இதைப் படித்துவிட்டு எந்தக் கண்ணை மூடி உட்காருவீர்கள்?

அவள் பயந்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியது உங்கள் வேலை. அவளிடம் போய் "உன் தப்பில்ல" என்று சொல்ல வேண்டியதும் உங்கள் வேலைதான். நான் நூறு தடவை சொல்லிவிட்டேன், என் வாயிலிருந்து வந்தால் அது அவளுக்குள் இறங்கவில்லை. நீங்கள் அங்கே இருப்பது தவம் இல்லை. ஒளிந்திருக்கிறீர்கள்.

அதற்காக வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள். அதற்கு எனக்கே இன்னும் தைரியம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு வழி இருந்தால் கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரியவில்லை. நான் களைத்துப்போய்விட்டேன்.

மிளகு அம்மா


மே 22

மிளகு அம்மாவுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தியான நிலையத்திலிருந்து வந்துவிட்டேன். உங்கள் தெருவிலிருந்து நான்காவது நிறுத்தத்தில் ஓர் அறை. பழைய கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். காலையில் இருபது நிமிடம் உட்காருகிறேன். கீழே சலூன்காரர் ரேடியோ வைக்கிறார், மேலே நாற்காலி இழுக்கிறார்கள். ஒரு நாளும் அமைதி கிடைப்பதில்லை. ஆனாலும் உட்காருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் கூட்டாளி மின்சாரத்தைப் போட்டுவிட்டார். மேலே லிஃப்ட் பெட்டி அசைந்தது. எப்படி வெளியே வந்து விழுந்தேன் என்று தெரியாது. அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். காது இரண்டும் கொதித்தது. இன்னொரு கை ஓங்கியே விட்டது. அந்த இடத்தில் மூச்சு உள்ளே போவது தெரிந்தது. அது வெளியே வருவதும் தெரிந்தது. கையை இறக்கிவிட்டேன்.

அமைதி எல்லாம் இல்லை. எரிந்துகொண்டுதான் இருந்தேன். கை மட்டும் என்னிடம் இருந்தது.

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. இது போதுமா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். காலரைப் பிடித்ததையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

இத்துடன் மிளகுக்கு ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். "நீ பயந்தது தப்பில்ல கண்ணு. பயப்பட வெச்சது அப்பா. நீ எதையும் கெடுக்கல" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கொடுப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு.

மிளகு அப்பா


மே 29

மிளகு அப்பாவுக்கு,

கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அப்பா யாரு காலரைப் பிடிச்சாரோ அந்த மாமா அழுதாரா?" என்று கேட்டாள். அதையும் அவளுக்கு நான் படித்துக் காட்டியிருந்தேன். தெரியாது என்றேன். தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நேற்றும் தூக்கத்தில் கையை மடக்கிக்கொண்டுதான் படுத்தாள்.

பள்ளி திறக்கிற வாரம் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளும் கூட உட்கார வேண்டும். உங்களைக் கூப்பிடலாமா என்று அவளிடம் கேட்டேன். வெகுநேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, "வரட்டும். ஆனா நீ நடுவுல உக்காரும்மா" என்றாள்.

சரி என்றேன். எனக்கும் உங்களுக்கும் நடுவில் யார் உட்காருவது என்று அவள் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டம் மூன்றரைக்கு. நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

மிளகு அம்மா